முதல் செயல் ஆராய்ச்சி: டயட் பயிற்சியா, இணையப் படிப்பா, பக்கத்துப் பள்ளி எச்.எம்.களா?

ஏற்காடு மலையில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் பதவி உயர்வில் போயிருக்கும் ஆசிரியை ஒருவர், காலாண்டுத் தேர்வு முடிந்த அன்று மாலை போன் செய்தார். "அக்கா, இந்த வருஷம் ஒரு செயல் ஆராய்ச்சி பண்ணலாம்னு இருக்கேன். பி.எட். படிச்சப்போ எழுதினது, எல்லாம் மறந்துபோச்சு. அக்டோபர்ல டயட்ல ட்ரெய்னிங் இருக்காம், அதுக்குப் போகட்டுமா? இல்ல ஆன்லைன்ல ஒரு கோர்ஸ் முடிச்சிடட்டுமா? எம்.எட். சேர்ந்தா ஒரேயடியா கத்துக்கலாமேன்னும் தோணுது."

மலையில் சில ஆண்டுகள், அப்புறம் சேலம் டவுனில் சில ஆண்டுகள் என்று தலைமையாசிரியராக (எச்.எம்.) இருந்தவள் நான். டயட் என்ற மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம், இணையப் படிப்பு, எம்.எட். என்று அவர் கேட்ட மூன்று வழிகளிலுமே கொஞ்சம் கொஞ்சம் நடந்து பார்த்திருக்கிறேன். அவர் கேட்காத நான்காவது வழி ஒன்றும் உண்டு, எனக்கு உண்மையில் கைகொடுத்தது அதுதான். நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதினால், அவரைப்போல யோசிக்கும் மற்ற எச்.எம்.களுக்கும் உதவும் என்று தோன்றியது.

எதைக் கற்றுக்கொள்ளப் போகிறோம் என்பதில் ஒரு தெளிவு வந்தால்தான் எங்கே கற்பது என்று முடிவு செய்ய முடியும். தன் வேலையில் ஒன்றை மாற்றிப் பார்த்து, என்ன நடக்கிறது என்று கவனித்துக் கற்கும் முறைக்குச் செயல் ஆராய்ச்சி என்ற பெயரை வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கர்ட் லெவின் என்ற சமூக உளவியலாளர். 1946இல் வெளிவந்த கட்டுரையில் அவர் சொன்னது ஒரு சுழல்: திட்டமிடு, செய், என்ன நடந்தது என்று பார், பார்த்ததை வைத்து அடுத்த திட்டத்தை மாற்று. 1950களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் இருந்த ஸ்டீபன் கோரி இதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். நம் ஊரில் இது வந்து சேரும்போது 'பிரச்சினை, சாத்தியமான காரணங்கள், கருதுகோள், முன்தேர்வு, பின்தேர்வு, முடிவு' என்ற நேர்கோடாகப் பெரும்பாலும் ஆகிவிட்டது. கருதுகோள் என்பது இதைச் செய்தால் இது மாறும் என்ற ஊகம்; முன்தேர்வும் பின்தேர்வும் முயற்சிக்கு முன்னும் பின்னும் பிள்ளைகளுக்கு வைப்பவை. பின்தேர்வில் மதிப்பெண் கூடியது என்று எழுதி, பைண்டிங் செய்து கொடுத்தால் முடிந்தது. சுழலின் இரண்டாவது சுற்று பலருடைய வேலையில் இருப்பதில்லை.

தலைமையாசிரியருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வகுப்பாசிரியர் செயல் ஆராய்ச்சி செய்தால், தான் பாடம் நடத்தும் விதத்தை மாற்றிப் பார்க்கிறார். மாற்றுபவரும் பார்ப்பவரும் ஒரே ஆள். எச்.எம். எழுதும் கேள்வியிலோ ஆசிரியர்கள் இருப்பார்கள், பெற்றோர் இருப்பார்கள், பிள்ளைகள் இருப்பார்கள். 'நான்' மட்டும் இருக்காது. அடுத்தவர் எப்படி மாற வேண்டும் என்று எழுதிய திட்டம் சுற்றறிக்கையாகத்தான் போய்ச் சேரும். என் நடவடிக்கையில் ஒன்றை மாற்றினால் பள்ளியில் என்ன மாறுகிறது என்று கேட்கப் பழகுவதுதான் ஒரு எச்.எம். கற்க வேண்டிய முதல் பாடம், கடினமான பாடமும் அதுதான். எந்த வழி அதைக் கற்றுத்தரும் என்ற ஒரே அளவுகோலை வைத்துத்தான் நாலையும் பார்க்கிறேன்.

இந்த அளவுகோல் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். மலையில் நான் இருந்த பள்ளியில் நவம்பர் பிறந்தால் வருகை இறங்கும். காபி பறிப்பு தொடங்கிவிடும், ஜனவரி வரை அம்மாக்கள் காலையிலேயே எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள். 'காபி பறிப்புக் காலத்தில் மாணவர் வருகை குறைவதற்கான காரணங்களும் தீர்வுகளும்' என்று தலைப்பு வைத்தேன். பெற்றோருக்கு நாற்பது கேள்விகள் கொண்ட வினாநிரல் தயாரித்து, பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்த தாள்களில் பாதிக்கு மேல் பிள்ளைகளே டிக் அடித்திருந்தார்கள். எழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வறுமை, வேலை, விழிப்புணர்வு இன்மை என்று காரணங்கள் எழுதி, பெற்றோர் கூட்டம் நடத்த வேண்டும் என்று தீர்வும் எழுதி முடித்தேன். அடுத்த நவம்பரிலும் வருகை அதேபோல இறங்கியது.

அந்த வருடம் பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து கூடும் குறுவள மையக் கூட்டம் ஒன்று முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, பக்கத்துப் பள்ளி எச்.எம். என் வருகைப் பதிவேட்டைக் கேட்டார். விரலை வைத்து ஒரு பெயரைக் காட்டினார். "இந்தப் பொண்ணு செவ்வாய் வந்திருக்கா, புதன் இல்ல, வியாழன் வந்திருக்கா, வெள்ளி இல்ல. பள்ளிக்கூடம் வேண்டாம்னு நினைக்கிற பிள்ளை இப்படியா டீச்சர் வரும்?" நாற்பது கேள்வியில் நான் கேட்காத கேள்வி அது. மறுநாள் அந்தப் பெண்ணிடமே கேட்டேன். தம்பியைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டும், சில நாள் நேரமாகிவிடும் என்றாள். "லேட்டானா வெளியில நிக்கணும்ல டீச்சர். அதான் பாதி வழியில திரும்பிடுவேன்."

வழிபாட்டுக்குப் பின் வருபவர்களை வெளியே நிறுத்திப் பெயர் எழுதச் சொன்னது நான்தான். ஒழுங்குக்காகச் செய்தது. ரிஜிஸ்டரில் ஆப்சென்ட் என்று விழுந்த நாட்களில் சில, என் விதியால் திரும்பிப்போன நாட்கள்.

பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து கேள்வியைத் திருத்தினோம். 'தாமதமாக வரும் 6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளை நான் வெளியே நிறுத்துவதை விட்டு, நேராக வகுப்புக்கு அனுப்பினால், காபி பறிப்பு மாதங்களில் அவர்களுடைய வருகை எப்படி மாறும்?' ஆறு வாரம். பதிவேட்டின் ஓரத்தில் 'தா' என்று ஒரு குறி, வந்த நேரம், அவ்வளவுதான் தரவு. இன்னொன்றும் அவர்தான் சொன்னார்: அக்டோபரோடு ஒப்பிடக் கூடாது, போன வருடத்தின் இதே ஆறு வாரத்தோடு ஒப்பிட வேண்டும். அக்டோபரில் பறிப்பே கிடையாது, அதோடு ஒப்பிட்டால் எந்த முயற்சியும் தோற்றதாகவே தெரியும். முழு நாள் ஆப்சென்ட் குறைந்தது, தாமத வருகை கூடியது. முதல் பீரியட் கலைகிறது என்று ஆசிரியர்கள் குறைப்பட்டார்கள், அதுவும் நியாயம். இரண்டாவது சுற்றில் முதல் இருபது நிமிடத்தை எல்லா வகுப்பிலும் வாசிப்பு நேரம் ஆக்கினோம், நடுவில் வந்தாலும் சேர்ந்துகொள்ளலாம். இரண்டு பெண்கள் எதற்கும் வரவில்லை. அவர்களுக்கு வேறு ஏதோ தேவைப்பட்டது, அதை என்னால் கண்டுபிடிக்க முடியாமலே மாறுதலில் போய்விட்டேன்.

சரி, வழிகளுக்கு வருகிறேன்.

டயட் என்று நாம் சொல்லும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் வந்தவை. நம் மாவட்டத்துக்கு அது உத்தமசோழபுரத்தில் இருக்கிறது. மலையிலிருந்து போகிறவர் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் பஸ் மாறிப் போய்ச் சேர வேண்டும். சிரமம்தான், ஆனால் அங்கே கிடைப்பது வேறெங்கும் கிடைக்காது. விரிவுரையாளர்களுக்கு ஆராய்ச்சி செய்த அனுபவம் இருக்கிறது, நம் மாவட்டத்துப் பள்ளிகளையும் தெரியும். கருதுகோள் என்றால் என்ன, உற்றுநோக்கல் படிவம் எப்படித் தயாரிப்பது, பிள்ளைகளின் பெயரை அறிக்கையில் ஏன் எழுதக் கூடாது என்பதையெல்லாம் ஒழுங்காகச் சொல்லித் தருவார்கள். கொலுசுப் பட்டறைகள் நிறைந்த பகுதியிலிருந்து வந்த எச்.எம்.மும், ஆத்தூர்ப் பக்கத்து எச்.எம்.மும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுவதே பெரிய பயன்.

குறை எங்கே என்றால், நேரத்தில். வெறுங்கையோடு போய் உட்காருகிறோம், முதல் நாள் மாலைக்குள் தலைப்பு எழுதச் சொல்வார்கள். கையில் பதிவேடு இல்லாதபோது நினைவிலிருந்துதான் தலைப்பு வரும், அது எல்லோருக்கும் ஒரே மாதிரி வரும்: வாசிப்புத் திறன் குறைவு, கணக்கில் பின்தங்கல், வருகைக் குறைவு. அடுத்த நாள் முன்தேர்வு பின்தேர்வு, சராசரி, அதற்கு மேல் போனால், இரண்டு சராசரிகளின் வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் டி சோதனை. இருபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை என்பது ஐந்து சதவீதம். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் முடிவே மாறிவிடும். ஒப்பிட வேறு வகுப்பும் இல்லாமல், பின்தேர்வில் மதிப்பெண் கூடியது நம் முயற்சியாலா, அல்லது மூன்று மாதம் கூடுதலாகப் படித்ததாலா என்று அந்தக் கணக்கு சொல்லாது. சின்னப் பள்ளிக்கு, ஒவ்வொரு பிள்ளையையும் பற்றி வாரம் நாலு வரி எழுதிய நோட்டு அதைவிட அதிகம் சொல்லும்.

ஆகவே டயட் பயிற்சிக்குப் போகலாம், போக வேண்டும். ஆனால் இரண்டு மாதப் பதிவேட்டின் நகலும், அரைகுறையாகவாவது ஒரு கேள்வியும் பையில் இருக்க வேண்டும். அப்படிப் போனவருக்கும் வெறுங்கையோடு போனவருக்கும் அதே பயிற்சியில் கிடைப்பது ஒன்றல்ல.

இணையப் படிப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஆசிரியர்களுக்கான மத்திய அரசின் நிஷ்தா பயிற்சித் திட்டம் 2019இல் நேரடிப் பயிற்சியாகத் தொடங்கியது, 2020 அக்டோபர் முதல் தீக்‌ஷா என்ற அரசுக் கல்வித் தளத்தில் இணைய வழியாகவும் வந்தது. பள்ளித் தலைமைத்துவம் பற்றிய பாடப்பகுதி அதில் உண்டு. தேசியக் கல்வித் திட்டமிடல் நிர்வாக நிறுவனமான நீபாவின் பள்ளித் தலைமைத்துவ மையமும் தலைமையாசிரியர்களுக்கென்றே ஒரு இணையப் படிப்பு வைத்திருக்கிறது. செலவு இல்லை, பஸ் பிடிக்க வேண்டியதில்லை, புரியாததைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். எஸ்டேட் பக்கத்துப் பள்ளிக் குடியிருப்பில் டவர் கிடைக்கும் நேரம் பார்த்து உட்கார வேண்டியிருக்கும், அது மட்டும் தொல்லை. மறந்துபோன சொற்களை நினைவுபடுத்தவும், தலைமைத்துவம் என்றால் கையெழுத்துப் போடுவது மட்டும் இல்லை என்று விரிவாக யோசிக்கவும் நல்ல வழி. ஆனால் நம் திட்டத்தைப் படித்து "இது சரியில்லையே" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அன்றைக்கு என் பதிவேட்டில் ஒரு பெயரைக் காட்டிய விரல், எந்த வீடியோவிலும் கிடைத்திருக்காது.

எம்.எட். இரண்டு வருடப் படிப்பு. ஆராய்ச்சி முறைகளை முழுமையாகக் கற்றுத்தருவது அதுதான், சந்தேகமில்லை. விரிவுரையாளராகப் போக எண்ணம் இருந்தால், படிப்பின் மீது ஆசை இருந்தால் தாராளமாகச் சேரலாம். ஆனால் அதில் எழுதும் ஆய்வேடு பெரும்பாலும் பல பள்ளிகளுக்கும் பொருந்தும் ஒரு முடிவைத் தேடுவது. செயல் ஆராய்ச்சி நம் ஒரு பள்ளிக்கு, இந்தப் பருவத்துக்குத் தேவையானதைத் தேடுவது. வரும் நவம்பரில் ஒரு திட்டம் தொடங்க வேண்டியவருக்கு இது பதில் ஆகாது.

நான்காவது வழி, மூன்று எச்.எம்.கள் சேர்ந்து உட்காருவது. மூன்று என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு பேர் என்றால் சீக்கிரம் ஒத்துப்போய்விடுவோம், ஐந்து பேர் என்றால் தேதி கிடைக்காது. குறுவள மையக் கூட்டம் முடிந்த பின் ஒரு மணி நேரம் போதும். எனக்கு உதவிய ஒரு ஒழுங்கு: முதல் இருபது நிமிடம் கேள்வி மட்டும் கேட்க வேண்டும், யோசனை சொல்லக் கூடாது. "நான் எங்க ஸ்கூல்ல இப்படிச் செஞ்சேன்" என்று தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். இதைக் கடைப்பிடிப்பது நினைப்பதைவிடக் கடினம். எச்.எம். ஆனதிலிருந்து யோசனை சொல்லியே பழகிவிட்டோம்.

'நான்' என்ற சொல் கேள்விக்குள் வருவது இப்படிப்பட்ட இடத்தில்தான். டவுனில் ஒரு தோழி, தறிகள் நிறைந்த தெருக்களிலிருந்து பிள்ளைகள் வரும் பள்ளியில் எச்.எம். ஆக இருந்தார். 'ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆர்வமாகப் பங்கேற்பதில்லை' என்று ஒரு பிரச்சினை கொண்டுவந்தார். மூன்றாவது ஆள் கேட்டார்: "ஒரு மணி நேரக் கூட்டத்துல நீங்க எத்தனை நிமிஷம் பேசுவீங்க?" அவருக்குத் தெரியவில்லை. அடுத்த கூட்டத்தில் ஓர் ஆசிரியரையே கடிகாரம் பார்த்துக் குறிக்கச் சொன்னார். அந்தத் தாளைப் பார்த்த பின் அவரே திட்டத்தை மாற்றினார்: கூட்டத்தின் முதல் பகுதியில் ஓர் ஆசிரியர் ஒரு பிள்ளையின் நோட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார், எல்லோரும் அதைப் பற்றிப் பேசுவார்கள், எச்.எம். கடைசியில்தான் பேச வேண்டும். சுற்றறிக்கை விஷயங்கள் வாட்ஸ்அப்பில் போய்விடும். நாலு கூட்டம், நாலு தாள், அவ்வளவுதான் அவருடைய ஆராய்ச்சிக் கருவி. அவருடைய பள்ளியில் ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் போய்ப் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இந்த வழியின் ஆபத்துகளையும் சொல்லிவிட வேண்டும். மூவருக்கும் முறை தெரியாவிட்டால் தவறான ஒப்பீட்டைக்கூட மூவரும் தலையாட்டி ஏற்றுக்கொள்வோம். பேச்சு பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ், பள்ளித் தகவல் தளமான எமிஸில் பதிவேற்றம் என்று போய்விடும். பிள்ளைகளின் வீட்டு விஷயம் வெளியே கசியவும் வாய்ப்புண்டு. மலையில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள், அதனால் பதிவேட்டைக் காட்டும்போது பெயர்களை மறைத்துவிட வேண்டும். என் பதிவேட்டை அன்று பெயரோடுதான் காட்டினேன், அது தவறு.

ஆசிரியர்களின் சம்மதம் எந்த வழியில் போனாலும் வரும் பிரச்சினை. எச்.எம். கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். வகுப்பில் நோட்டோடு போய் உட்கார்ந்தால் அது ஆய்வு, அதாவது அதிகாரி வந்து பார்க்கும் ஆய்வு என்றுதான் ஆசிரியர் நினைப்பார். அவர் அன்று நடத்தும் பாடம் தினசரி நடத்தும் பாடமாக இருக்காது, நம் தரவும் பொய்த்துப்போகும். எழுதியதை முதலில் அந்த ஆசிரியரிடமே காட்டுவது, வேண்டாத வரியை அடிக்க அவருக்கு உரிமை கொடுப்பது, 'வேண்டாம்' என்று சொன்னால் அதோடு விட்டுவிடுவது, இந்த மூன்றையும் திட்டத்திலேயே எழுதிவிட்டால் நல்லது. டயட்டில் இதைக் கேட்டால் நன்றாக விளக்குவார்கள், ஆனால் நாம்தான் கேட்க வேண்டும்.

பள்ளியைப் பொறுத்தும் முடிவு மாறும். ஈராசிரியர் பள்ளியில் எச்.எம்.மே வகுப்பாசிரியர். அவர் மாற்றப்போவது தன் கற்பித்தலைத்தான், அதனால் டயட் பயிற்சியின் அமைப்பு அவருக்கு அப்படியே பொருந்தும், அதிலிருந்தே தொடங்கலாம். நடுநிலைப் பள்ளியிலிருந்து மேலே போகப் போக, எச்.எம்.முக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஆசிரியர்கள் அதிகமாவார்கள். அங்கே சக எச்.எம்.களின் கேள்விகள் இல்லாமல் நல்ல திட்டம் வருவது கடினம் என்பது என் அனுபவம்.

போன் செய்த ஆசிரியைக்கு நான் சொன்ன வரிசை இது: இந்தச் சனிக்கிழமை மலையிலேயே இரண்டு எச்.எம்.களோடு ஒரு மணி நேரம், பதிவேட்டோடு. அங்கே கிடைக்கும் கேள்வியை எடுத்துக்கொண்டு அக்டோபரில் டயட். இணையப் பாடத்தைப் பயிற்சிக்கு முன்பே இரவுகளில் கொஞ்சம் பார்த்துவைக்கலாம். நவம்பர் முதல் வாரம் தொடங்கினால் அரையாண்டுத் தேர்வுக்குள் ஆறு வாரம் கிடைத்துவிடும். பொங்கலுக்குப் பின் இரண்டாவது சுற்று. எம்.எட். பற்றி அடுத்த கோடை விடுமுறையில் யோசிக்கலாம்.

சனிக்கிழமை இரவே அவருடைய தலைப்பு வாட்ஸ்அப்பில் வந்தது: 'ஆறாம் வகுப்பு மாணவர்களின் வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்.' "இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" என்று மட்டும் பதில் போட்டேன். ஞாயிறு காலை அடுத்தது வந்தது: 'வாரம் இரண்டு நாள் ஆறாம் வகுப்புத் தமிழ் பீரியடில் நான் உட்கார்ந்து, நாலு பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டு, கேட்டதைத் தமிழாசிரியரோடு அன்றே பேசினால், எந்தப் பிள்ளைக்கு எங்கே தடுக்கிறது என்பது ஆறு வாரத்தில் எங்கள் இருவருக்கும் எவ்வளவு தெளிவாகும்?'

நல்ல கேள்வி. தமிழாசிரியரிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"இன்னும் இல்லக்கா. நாளைக்கு முதல் வேலையா அவங்ககிட்ட கேக்குறேன்."